மூன்றாம் கிடங்கில் தொண்ணூற்றொரு டன் ஓடு

ப்ரிசாக்கா, 12 ஜனவரி 2011

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் எமிலியான் அவர்களுக்கு,

நான் ப்ரிசாக்கா அக்ரூட் நிறுவனத்தின் கிடங்குப் பொறுப்பாளர் வார்வாரா. நீங்கள் என்னை நினைவில் வைத்திருக்க நியாயமில்லை. போன இலையுதிர் காலத்தில் எங்கள் உணவுக்கூடத்தில் நீங்கள் நிறுவன மென்பொருள் பாடம் நடத்தியபோது, நாளுக்கு இரண்டு முறை கதவைத் திறந்து, "பாந்தெலெய்யை அனுப்புங்க, லாரி நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனவள் நான்தான். நான் உங்கள் மாணவி அல்ல. அறுவடை நேரத்தில் கிடங்கிலிருந்து என்னை எடுக்க முடியாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். யார் இல்லாவிட்டாலும் வேலை நடக்குமோ அவர்களைப் பாடத்துக்கு அனுப்பினார்: காவலாளி பாந்தெலெய், சமையல்காரி எவ்தோகியா, இயக்குநரின் கார் ஓட்டுநர். மூவரும் உங்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

ஏன் தாளில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். மின்னஞ்சல் எங்களிடமும் உண்டு. வருகிற மின்னஞ்சலைச் செயலாளர் அச்செடுத்து, வரிசை எண் போட்டு, முத்திரை குத்தி இயக்குநர் மேசையில் வைக்கிறார். போகிற மின்னஞ்சலுக்கும் அதே மரியாதை. தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே உங்கள் யாஷ் நகருக்குப் பேருந்து ஓட்டும் கலிஸ்த்ரத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எல்லை தாண்டிப் பாலாடைக்கட்டி கொண்டு போகிறவருக்கு ஒரு கடிதம் கனமில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் அக்ரூட்டைத் தொழிற்சாலையில் உடைப்பதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு மூட்டை போகிறது. பெண்கள் அடுப்பருகே உட்கார்ந்து சுத்தியலால் தட்டி உடைத்துப் பருப்பைத் திருப்பித் தருகிறார்கள். நூறு கிலோ போனால் நாற்பத்து நான்கு கிலோ பருப்பு வரும். ஓடு வராது. ஓடு அவர்கள் அடுப்புக்கு. இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை, யாரும் மறுத்ததும் இல்லை.

உங்கள் மென்பொருள் மறுக்கிறது. நாற்பத்து நான்கு வந்தது என்று பதிந்தால், மீதி ஐம்பத்தாறு எங்கே என்று கேட்டுச் சிவப்புப் பட்டை காட்டுகிறது. பதில் சொல்லும்வரை அடுத்த மூட்டையை வெளியே விடாது. எவ்தோகியாவின் பாடக் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவள் நல்ல மாணவி. எல்லாவற்றையும் சமையல் குறிப்பு போல எழுதியிருக்கிறாள். "சிவப்பு வந்தால் பயப்படாதே. காலிக் கட்டத்தில் அது கேட்கிற எண்ணைப் போடு. பச்சை ஆகும்வரை விடாதே." நாங்களும் விடவில்லை.

அதாவது, போன ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் ஐம்பத்தாறு கிலோ ஓடு வந்ததாக எழுதினோம். வந்ததை எங்கே வைப்பது என்று அடுத்துக் கேட்டது. காலியாக இருந்தது மூன்றாம் கிடங்கு. அதைக் காட்டினோம். இந்தப் பருவத்தின் கடைசி மூட்டையும் வந்து சேர்ந்துவிட்டது. இன்று மூன்றாம் கிடங்கில் தொண்ணூற்றொரு டன் ஓடு இருக்கிறது. கதவைத் திறந்து பார்த்தால் தரை இருக்கிறது.

மார்ச் நான்காம் தேதி ஆண்டு இருப்புச் சோதனை. கிடங்கில் எது குறைந்தாலும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவள் நான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிலோ குறைந்ததில்லை. இந்தத் தொண்ணூற்றொரு டன்னை எப்படித் திருத்துவது? உங்கள் அட்டவணையில் ஒன்பதாம் பாடம், அதாவது கடைசிப் பாடம், 'இருப்புத் திருத்தம்' என்று இருக்கிறது. எவ்தோகியாவின் குறிப்பேடு எட்டாம் பாடத்தோடு நின்றுவிடுகிறது.

பதிலைக் கலிஸ்த்ரத்திடமே கொடுக்கலாம்.

மரியாதையுடன்,
வார்வாரா


யாஷ், 19 ஜனவரி

மதிப்பிற்குரிய திருமதி வார்வாரா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் இயக்குநரும் நானும் கையெழுத்திட்டு முத்திரையிட்ட 'அறிவுப் பரிமாற்ற நிறைவுச் சான்று' கூறுவதன்படி, ஒன்பதாம் பாடம் நவம்பர் 8, 9 ஆகிய இரு நாட்களில் முழுமையாக நடத்தப்பட்டது. ஆகவே இருப்புத் திருத்தம் குறித்த அறிவு தங்கள் நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ளது. பாடத்தில் கலந்துகொண்டவர்களை அணுகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஆதரவுக் காலம் டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. புதிய கோரிக்கை இருப்பின் இயக்குநரின் முத்திரையுடன் எங்கள் தலைவருக்கு அனுப்பலாம். ப்ரிசாக்கா எங்களுடைய வெற்றிகரமான முன்மாதிரிகளில் ஒன்று என்பதையும், ஏப்ரலில் புக்கரெஸ்ட் மாநாட்டில் அதைப் பற்றி எங்கள் தலைவர் பேசவிருக்கிறார் என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எமிலியான்

பின்குறிப்பு: கடிதத்தோடு ஒரு பாலாடைக்கட்டியும் வந்தது. யார் அனுப்பியது என்று தெரியவில்லை. நன்றாக இருந்தது.


ப்ரிசாக்கா, 26 ஜனவரி

எமிலியான்,

பாலாடைக்கட்டி எவ்தோகியா அனுப்பியது. அவள் இன்னும் உங்களை ஆசிரியர் என்றுதான் சொல்கிறாள்.

நவம்பர் எட்டு புனித துமித்ரு நாள், எங்கள் ஊர்த் திருநாள். அன்று ப்ரிசாக்காவில் ஏதாவது 'முழுமையாக நடத்தப்பட்டது' என்றால், அது விருந்து மேசையில் நடந்ததாகத்தான் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு நீங்கள் உணவுக்கூடத்தில் தனியாகக் காத்திருந்தீர்கள். பாந்தெலெய் வந்து, "வாத்தியாரே, இன்னைக்கு என் வீட்டுக்கு வராதவன் எனக்கு விரோதி" என்று சொல்லி அழைத்துப் போனான். பகல் அவன் வீட்டில். சாயங்காலம் எவ்தோகியா வீட்டில். நான் உங்களை அங்கே பார்த்தேன். ஒன்பதாம் பாடம் என்ன என்று யாரோ கேட்டார்கள். நிறைந்த குவளையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் இருப்பு" என்றீர்கள். குடித்துவிட்டு, "இதுதான் திருத்தம்" என்றீர்கள். மேசை முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். ஒன்பதாம் தேதி நீங்கள் எழுந்திருக்கவில்லை.

குடித்ததற்காகக் குறை சொல்லவில்லை. குடிக்காமல் இருந்திருந்தால்தான் ஊரில் குறை சொல்லியிருப்பார்கள். கையெழுத்துக்காகச் சொல்கிறேன்.

இப்போது நிலைமை வளர்ந்திருக்கிறது. பிரான்ஸில் உள்ள எங்கள் கூட்டாளிகள் இதே திரையை அங்கிருந்தபடி பார்க்க முடியும். மென்பொருள் வந்ததில் இயக்குநருக்கு இருந்த பெருமையே அதுதான். அவர்கள் பார்த்தார்கள். தொண்ணூற்றொரு டன் ஓடு சும்மா கிடப்பதைப் பார்த்து, அறுபது டன்னை உலோகம் மெருகேற்றும் ஓர் ஆலைக்கு விற்றுவிட்டார்கள். அக்ரூட் ஓட்டைப் பொடித்து அதற்குப் பயன்படுத்துவார்களாம். மார்ச்சில் லாரி வரும். அடுப்பில் போய்க்கொண்டிருந்தவரை விலையில்லாத பொருளுக்கு இப்போது விலை வந்துவிட்டது. அந்த விலையோடு சேர்த்துத்தான் குறைவு என் பேரில் விழும்.

இயக்குநர் அர்ஸேனி த்ரோஃபிமோவிச்சிடம் போய், கிடங்கில் ஓடு இல்லை என்று சொன்னேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"கம்ப்யூட்டர் இருக்குங்குது. நீ இல்லங்கற. இதுக்கு ஐரோப்பாவுல இருந்து நிதி வந்திருக்கு. உனக்கு எங்கேருந்து வந்திருக்கு?"

வாருங்கள், கிடங்கைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். அதெல்லாம் சோதனை நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேறொரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு வீடும் தான் வாங்கிய மூட்டைக்கு உரிய ஓட்டைத் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் கூலியில் பிடிக்கப்படும். அதைச் சொல்லிவர என்னையே அனுப்பினார். முதல் வீடு பராஸ்கோவியாவுடையது. அவள் அடுப்பின் கீழ்ச் சாம்பல் தட்டை இழுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஓடுதானே? எடுத்துக்கோ அக்கா. கொஞ்சம் இளைச்சுப் போயிருக்கு. தராசு கொண்டாந்தியா?"

மற்ற இருநூற்றுப் பதினொரு வீட்டுக்கும் நான் போகவில்லை. போய்விட்டு வந்ததாக எழுதவும் இல்லை. அது எனக்குப் பழக்கமாகிவிடக் கூடாது.

திருத்தும் வழி என்ன?

வார்வாரா


யாஷ், 2 பிப்ரவரி

வார்வாரா அக்கா,

அக்கா என்று எழுதலாமா தெரியவில்லை. திருநாள் அன்று எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டிருப்பேன்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. குவளை விஷயம் மட்டும் எனக்கு உங்கள் கடிதம் மூலமாகத்தான் தெரியும்.

நவம்பர் பத்தாம் தேதி காலை உங்கள் இயக்குநர் சான்றை நீட்டினார். ஒன்பது பாடம் என்று அச்சிட்டிருந்தது. எட்டுதான் நடந்தது என்றேன். "வாத்தியாரே, அந்த ஒன்பதாவதுதான் எங்க எல்லாருக்கும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு தொலைபேசியில் உங்கள் ஊர் எண் வரும்போதெல்லாம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதையாவது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் தலைவரிடம் போய் எட்டு என்று சொல்ல முடியாது. மாநாட்டுக்கான படங்கள்கூடத் தயாராகிவிட்டன. ஒரு படத்தில் பாந்தெலெய் கணினியைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்பது அந்த மாநாட்டுக்குப் பிறகு தெரியும்.

ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'இருப்பு' என்ற பட்டியலில் 'கழிவு' என்று ஒன்று உண்டு. என்ன காரணத்தால் கழிந்தது என்று கேட்கும். தீ, வெள்ளம், திருட்டு, எலி என்று நான்கு காட்டும். தீ என்றால் காவல்துறைச் சான்று வேண்டும். வெள்ளம் என்றால் ஆறு வேண்டும். எலிக்கு எதுவும் வேண்டாம். மூன்று பேர் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். தொண்ணூற்றொரு டன்னும் ஒரே அடியில் போய்விடும்.

சரியான வழி எது என்று கேட்டீர்கள். நான் சுலபமான வழியைச் சொல்லியிருக்கிறேன். அது எனக்கும் தெரிகிறது.

எமிலியான்


ப்ரிசாக்கா, 10 பிப்ரவரி

எமிலியான்,

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லாமல் போயிற்று. நீங்கள் பல்கலைக்கழகம் வழியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு எங்கள் இயக்குநர் நேர் வழியாக வந்து சேர்ந்துவிட்டார்.

ஓடு எந்த வீட்டிலிருந்தும் வராது என்று அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்ததும் ஆய்வுக் குழு அமைத்தார். குழுவில் மென்பொருள் வல்லுநர்கள் இருக்க வேண்டும் என்பதால் பாந்தெலெய், எவ்தோகியா, ஓட்டுநர். மூவரும் மூன்றாம் கிடங்கின் வாசலில் நின்றார்கள். எலிகள் தொண்ணூற்றொரு டன் அக்ரூட் ஓட்டைத் தின்றுவிட்டன என்று தாள் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எவ்தோகியா பேனாவை வாங்கவில்லை.

"சார், இவ்வளவு ஓட்டைத் தின்ன எலி நம்ம கிட்ட இருந்தா, அக்ரூட்டையே அதுங்க கிட்டக் குடுத்திருக்கலாமே. ஊர்ப் பொம்பளைங்களுக்கு எதுக்குக் கூலி?"

"எலிய எண்ணச் சொல்லல. கையெழுத்துதான் போடச் சொல்றேன்."

"நான் சமையக்காரி சார். எலி இருக்குன்னு நானே எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு யாருக்குச் சூப் ஊத்துறது?"

பிறகு அவளும் போட்டாள். போடாதவர்களுக்கு வேறு வேலை தேட உதவுவதாக இயக்குநர் சொன்னார். பாந்தெலெய் சான்றிதழ் பெற்றவன் என்பதால் அவனே கணினியில் எலியைத் தேர்ந்தெடுத்தான். ஓடு பூச்சியம் ஆயிற்று. இயக்குநர் அவன் தோளில் தட்டினார்.

பத்து நிமிடம் கழித்து முதல் கிடங்கில் சிவப்பு வந்தது. பிறகு இரண்டாம் கிடங்கில். எலி உள்ள வளாகத்திலிருந்து உணவுப் பொருள் வெளியேறக் கூடாதாம். மென்பொருள் முப்பத்தெட்டு டன் பருப்பை, எங்கள் உண்மையான பருப்பை, பூட்டிவிட்டது. இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். பருப்பு ஏற்ற பதினெட்டாம் தேதி லாரி வருகிறது. பிரான்ஸிலிருந்து எலியைப் பற்றி விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்து, வரிசை எண்ணும் முத்திரையும் பெற்று இயக்குநர் மேசையில் கிடக்கிறது. "உள்ள போய் அந்த எலியை எடு" என்று அவர் பாந்தெலெய்யிடம் சொன்னார். எலியை எடுக்கும் பொத்தான் எட்டுப் பாடத்தில் இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். இனிமேல் வழி வேண்டாம், பாடம் வேண்டும். எந்தப் பொத்தான் என்று மட்டும் சொன்னால் எவ்தோகியாவின் குறிப்பேட்டில் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லுங்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. யாஷுக்கு வர எனக்கு விசா இல்லை, இங்கே வர உங்களுக்கு விடுப்பு இல்லை. கலிஸ்த்ரத் வாரத்துக்கு மூன்று முறை போய் வருகிறார். அது போதும். நான் கற்றுக்கொள்வேன். மார்ச் நான்காம் தேதி அந்தக் கிடங்கில் என்ன இருக்கிறதோ அதுதான் திரையிலும் இருக்கும்.

வார்வாரா


யாஷ், 14 பிப்ரவரி

வார்வாரா அக்கா,

ஒன்பதாம் பாடம்.

பூட்டு விஷயம் எனக்குத் தெரியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நான் எலியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்ததே இல்லை. பட்டியலில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

மென்பொருள் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: வெளியே போனது எங்கே போயிற்று? உங்களிடம் உண்மையான பதில் இருந்தது. அதை எழுதக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததற்கு நான் காரணம். அக்ரூட்டுக்கான செய்முறை அட்டையை, அதாவது எதிலிருந்து என்ன வரும், அது எங்கே போகும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் பக்கத்தை, நான் உங்கள் ஊரில் எழுதவில்லை. இத்தாலியில் ஒரு ஆலைக்கு வேறொருவர் எழுதியது. அங்கே இயந்திரம் உடைக்கிறது, ஓடு ஆலையின் கூரைக்குக் கீழேயே விழுகிறது. நான் ஆலையின் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்து வைத்தேன். எட்டுப் பாடத்திலும் நான் பேசினேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஓட்டை என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எவ்தோகியா சொல்லியிருப்பார். சான்றில் பரிமாற்றம் என்று இருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து நான் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்தது. இதில் எதையும் அழிக்க முடியாது. ஒரு பதிவு தவறு என்றால் அதற்கு எதிராக இன்னொரு பதிவு போட வேண்டும். இரண்டும் இருக்கும். யார் போட்டது, எந்த நாள், என்ன காரணம் எல்லாம் இருக்கும். பிரான்ஸில் இருப்பவர்களும் படிக்கலாம், எங்கள் தலைவரும் படிக்கலாம். முதலில் எலிப் பதிவுக்கு எதிர்ப்பதிவு. அதைப் போட்டதும் தொண்ணூற்றொரு டன் ஓடும் திரும்பி வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். பிறகு ஓடு வந்ததாகப் போட்ட ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எதிர்ப்பதிவு. என் கணக்கில் ஆயிரத்து நூற்று அறுபது. ஒரே அடியாகச் செய்யும் வழி கிடையாது, நான் இரண்டு நாள் தேடினேன். எந்தத் திரை, எந்த வரிசை என்று தனித் தாளில் வரைந்திருக்கிறேன். முதலில் ஒரே ஒரு வீட்டுக்குச் செய்து பாருங்கள்.

கடைசியாகச் செய்முறை அட்டை. அதில் ஓட்டுக்கு எதிரே 'கிடங்குக்கு வரும்' என்று இருப்பதை மாற்ற வேண்டும். பட்டியலில் 'உடைப்பவருக்கு உரியது, கூலியின் பகுதி' என்று ஒரு வரி இருக்கிறது. நானே இப்போதுதான் பார்க்கிறேன். அதைத் தேர்ந்தால் ஓடு எங்கே என்று இனி ஒருபோதும் கேட்காது. ஓட்டுக்காகக் கூலியில் பிடிக்கவும் விடாது.

ஒவ்வொரு எதிர்ப்பதிவிலும் காரணம் எழுத ஒரு வரி இடம் உண்டு. எல்லா ஊரிலும் 'தவறு' என்று எழுதிவிட்டுப் போவார்கள். நீங்கள் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

எமிலியான்


ப்ரிசாக்கா, 23 பிப்ரவரி

தம்பி எமிலியான்,

பராஸ்கோவியா வீட்டுப் பதிவில் ஆரம்பித்தேன். முதல் பதிவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவதற்கு இருபது நிமிடம். ஐம்பதாவது பதிவைப் போடும்போது எவ்தோகியாவைக் கூப்பிட்டேன். அவள் பாந்தெலெய்யைக் கூப்பிட்டாள். மூன்று கணினி, ஐந்து பகல். எல்லாவற்றுக்கும் முன்னால் எலியைத் திருப்பி எடுத்தபோது நீங்கள் சொன்னபடியே ஓடு முழுவதும் வந்து நின்றது. பாந்தெலெய் எழுந்து போய் மூன்றாம் கிடங்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சான்றிதழ் பெற்றவன், அவனைக் குறை சொல்ல முடியாது.

லாரி பதினெட்டாம் தேதி வந்து, கணக்கு சரியாகிப் பிரான்ஸ் பூட்டை நீக்கும்வரை வாசலில் நின்றது. அதன் ஓட்டுநர் மூன்று நாள் எங்கள் உணவுக்கூடத்தில் சோளக் களி சாப்பிட்டுக்கொண்டு, எண்ணிக்கை எவ்வளவு ஆயிற்று என்று மணிக்கொரு முறை கேட்டார்.

காரண வரியில் நான் எழுதியது: "ஓடு வரவில்லை. வீட்டில் எரிந்தது. எலி இல்லை. ஒன்பதாம் பாடம் நடக்கவில்லை." ஆயிரத்து நூற்று அறுபது தடவை. உங்கள் பெயர் இல்லை. ஆனால் உங்கள் தலைவர் படித்தால் புரிந்துகொள்வார். உங்களைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். கேட்டால் நீங்கள் யோசித்திருப்பீர்கள்.

இயக்குநர் எழுநூறாவது பதிவில் வந்து படித்தார்.

"இதை அழி."

"அழிக்க முடியாது சார்."

"நேத்து வரைக்கும் உனக்கு ஒரு பொத்தானும் தெரியாது. இன்னைக்கு முடியாதுங்கற."

"நேத்து வரைக்கும் தெரியாததாலதான் சார் முடியும்னு நெனச்சோம்."

மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாலும் பிரான்ஸில் விளக்கு எரியும் என்று எவ்தோகியா சொன்னாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இருபத்தொன்றாம் தேதி பகல் பூச்சியம் வந்தது. அட்டையையும் மாற்றினேன். அடுத்த நாள் பிரான்ஸிலிருந்து பதில். இயக்குநர் அதை இரண்டு முறை படிக்க வைத்தார், ஏனென்றால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு அதில் கோபம் இல்லை. ஓடு விற்பனை ரத்து. எலி இல்லை என்பது பதிவானது. பருப்பின் பூட்டு நீக்கப்பட்டது. இனி இருப்பில் இல்லாததை இருப்பில் காட்ட வேண்டாம். நான்கே வரி. லாரி போய்விட்டது.

எனக்கு ஒரு கண்டன உத்தரவு வந்திருக்கிறது. நிறுவனத்தின் உள்விஷயத்தை வெளியார் படிக்கும் இடத்தில் எழுதியதற்காக. பத்திரமாக வைத்திருக்கிறேன். நான்காம் தேதி சோதனையில் எந்தக் கிடங்கிலாவது திரைக்கும் தரைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் இருந்தாலும் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்றும் இயக்குநர் சொல்லியிருக்கிறார். கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி.

நியாயமான நிபந்தனை. நான் அதைத்தானே கேட்டேன்.

வார்வாரா


யாஷ், 28 பிப்ரவரி

அக்கா,

நீங்கள் என்னைக் கேட்காமல் எழுதியது நல்லதுதான். நான் யோசித்திருப்பேன். ஏப்ரல்வரை யோசித்திருப்பேன்.

தலைவர் கேட்பதற்கு முன்னால் நானே போய், எட்டுதான் நடந்தது என்று சொன்னேன். "எட்டும் வெற்றிதானேப்பா, ஒன்பதுன்னு போட்டதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவர் பயிற்சிப் பட்டியலில் இல்லையே என்றார்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. மாநாட்டில் ப்ரிசாக்கா இருக்கிறது. தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்: 'பயனர்களின் சுயமுயற்சி.' பாந்தெலெய்யின் படம் அப்படியே இருக்கிறது.

நான்காம் தேதி திரையைப் பார்த்து எண்ணாதீர்கள். எண்ணிவிட்டுத் திரையைப் பாருங்கள். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

எமிலியான்


ப்ரிசாக்கா, 4 மார்ச்

தம்பி,

சோதனை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. இயக்குநர், கணக்கர், நான் உட்பட ஆறு பேர். முதல் கிடங்கும் இரண்டாம் கிடங்கும் சரியாக இருந்தன. மூன்றாம் கிடங்கை எப்போதும்போல் நானே திறந்தேன். நடுவில் இரண்டு மூட்டை நின்றது. இயக்குநர் ஒன்றை அவிழ்த்தார். அக்ரூட் ஓடு.

பராஸ்கோவியாவின் வேலை. நான் ஓட்டுக்காகச் சிறைக்குப் போகப்போகிறேன் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். தன் வீட்டு மரத்துக் காயை உடைத்து, அக்கம்பக்கத்திலும் வாங்கி, முந்தாநாள் பாந்தெலெய்யிடம் கெஞ்சிச் சாவி வாங்கி உள்ளே வைத்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் நான் வேண்டாம் என்பேன் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள்.

எடை போட்டார்கள். முப்பத்தொரு கிலோ. இயக்குநர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"திரையில பூச்சியம். தரையில முப்பத்தொண்ணு. நீயே சொல்லு வார்வாரா."

முப்பத்தொரு கிலோவைப் பதிந்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை என்று கணக்கர் காதோரம் சொன்னார். நல்ல மனிதர். பதிந்திருந்தால் பச்சை வந்திருக்கும். இயக்குநரும் போதும் என்று சொல்லியிருப்பார். அடுத்த பருவத்தில் மறுபடி ஓட்டை எண்ணிக்கொண்டிருப்போம்.

அட்டையைத் திறக்கச் சொன்னேன். அங்கே எழுதியிருப்பதைக் கணக்கரையே உரக்கப் படிக்க வைத்தேன். ஓடு உடைப்பவருக்கு உரியது.

"இது நிறுவனத்தோட சரக்கு இல்ல சார். பராஸ்கோவியாவோடது. நம்ம இடத்துல வச்சுட்டுப் போயிருக்கா. அதை எண்ண நமக்கு உரிமை இல்ல."

இயக்குநர் அந்த வரியைத் தானே ஒரு முறை படித்தார். யார் இதை மாற்றியது என்று கேட்டார். பெயரும் நாளும் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில் பராஸ்கோவியா கைவண்டியோடு வந்தாள். இரண்டு மூட்டை பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சிறை இல்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் இவ்வளவு தூரம் தூக்கி வந்திருக்க வேண்டாமே என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பிறகு விதிப்படி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்து, ஆறு பேரும் உள்ளே போய், நான்கு மூலைக்கும் நடந்து, அங்கே ஒன்றுமில்லாததை எண்ணினோம். சரியாக இருந்தது.

வார்வாரா